பட்டம் பீரோவில், பணி எங்கே?



நம் இல்லங்கள் பலவற்றின் கூடத்துச் சுவரைச் சற்று நோக்குங்கள். கஅபாவின் படத்துக்கும் நாட்காட்டிக்கும் இடையே, கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்து, கையில் சுருட்டிய தாளோடு நிற்கும் மகனின் அல்லது மகளின் படம் மாட்டப்பட்டிருக்கும். அதைக் காணும்போதெல்லாம் பெற்றவர் மனம் குளிர்கிறது; குளிர வேண்டியதுதான். அந்தத் தாளின் அசலோ உறையிடப்பட்டு, நிலப் பத்திரத்தோடும் நகைப் பெட்டியோடும் பீரோவில் பூட்டப்பட்டிருக்கிறது. பட்டம் பெற்று ஓராண்டு, ஈராண்டு கடந்தும் அந்தப் பிள்ளைக்கு வேலை அமையாத இல்லங்கள் நம்மிடையே எத்தனை என்பதை உங்கள் தெருவை எண்ணிப் பார்த்தே நீங்கள் அறியலாம்.

அந்தத் தாளின் பின்னால் இருக்கும் உழைப்பு சாமானியமானதன்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக் கல்லூரியும், 1955இல் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி, 1988இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி என்று நம் முன்னோர் கல்விக்கூடங்களை எழுப்பினார்கள். இருந்தும் அகில இந்திய அளவில் நம் நிலை எப்படி இருந்தது என்பதை 2006இல் வெளிவந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு அறிக்கை எடுத்துரைத்தது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆன மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் பட்டமோ பட்டயமோ பெற்றிருந்தபோது, முஸ்லிம்களில் அத்தொகை 4க்கும் குறைவு. இத்தனை பின்னடைவைத் தாண்டிக் கையில் வந்த பட்டம், பூட்டிய பீரோவில் கிடப்பதற்காகவா பெறப்பட்டது?

குறை பிள்ளையிடமும் இல்லை, சான்றிதழிலும் இல்லை. சான்றிதழ் பொய் சொல்வதில்லை. ஆனால் மிகக் கொஞ்சமே சொல்கிறது. இன்ன பாடத்தில் இத்தனை மதிப்பெண் என்பதோடு அது வாயை மூடிக்கொள்கிறது. ஒரே ஆண்டில், ஒரே பல்கலைக்கழகத்தில், அதே வகுப்பில் தேறிய பல்லாயிரவர் கையிலும் அதே தாள்தான் இருக்கிறது. அதோடு அனுப்பப்படும் சுயவிவரக் குறிப்பும் அப்படியே. 'கடின உழைப்பாளி', 'குழுவாகச் செயல்படும் ஆற்றல் உடையவர்' என்ற சொற்கள் எல்லார் குறிப்பிலும் உள்ளன. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று நொடிப்பொழுதில் அழகிய விவரக் குறிப்பை எழுதித் தந்துவிடுவதால், எல்லாக் குறிப்புகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல் காட்சியளிக்கின்றன. ஆள் தேடும் மேலாளர் என்ன செய்வார்? யாரேனும் தெரிந்தவர் சொன்ன ஆளை எடுத்துக்கொள்வார். சிபாரிசு செய்ய ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளை வாசலிலேயே நிற்கும்.

நம்மவர் வணிகத்தில் ஊறியவர்கள். துணி வியாபாரி தம் சரக்கின் தரத்தைச் சொல்லால் மட்டும் விளக்குவதில்லை. மாதிரித் துண்டை எடுத்து வாங்குபவர் விரலில் வைக்கிறார். பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் நம் சகோதரிகளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தந்ததில்லை. பட்டுப் போல் மடியும் அந்தப் பாயே அவர்களுக்குச் சான்று. பட்டதாரிப் பிள்ளையும் தன் மாதிரித் துண்டைக் காட்ட வேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வரும் செய்தி. கட்டடக் கலைஞரும் ஓவியரும் தம் வரைபடங்களை ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டுசென்று காட்டுவது பழைய வழக்கம். அக்கோப்பு இணையத்தில் வைக்கப்படும்போது அதற்கு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்று பெயர். 'பணித் தொகுப்பு' என்று இங்கே அழைப்போம். தான் உண்மையாகவே செய்த ஐந்தாறு வேலைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்தேன், எப்படிச் செய்தேன் என்ற சிறு குறிப்போடு, ஓர் இணைய முகவரியில் யாரும் திறந்து பார்க்கும்படி வைப்பதே பணித் தொகுப்பு. விவரக் குறிப்பு 'எனக்குத் தெரியும்' என்கிறது. தொகுப்பு 'இதோ பாருங்கள்' என்கிறது.

இது நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள ஆல்வெர்னோ என்னும் மகளிர் கல்லூரி, மாணவியர் செய்த பணிகளையும் அவற்றைப் பற்றி அவர்களே எழுதிய மதிப்பீட்டையும் ஆசிரியரின் கருத்தையும் சேர்த்துக் கணினியில் வைக்கும் முறையை 1999இல் கொண்டுவந்தது. அதையடுத்த ஆண்டுகளில் நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி இதனைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. அங்கே பயில்வோரில் பெரும்பாலோர் பல நாடுகளிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்துப் பிள்ளைகள். கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிப்பவர்கள். சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்களுக்கே இது பெரிதும் உதவும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் சங்கம் ஒன்று 2013இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தொகுப்பு தமக்குப் பயன்படும் என்று வேலை தருவோர் ஐவரில் நால்வர் கூறினர்.

யூசுஃப் நபி சொன்னது தற்பெருமையா?

'நம் திறமையை நாமே பறைசாற்றுவதா? அது அடக்கத்துக்கு அழகா?' என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களின் தயக்கத்தில் நியாயம் உண்டு; ஆயினும் திருக்குர்ஆன் கூறும் இரு நிகழ்ச்சிகளை அவர்கள் நினைவுகூர வேண்டும். எகிப்து மன்னரின் முன் நின்ற யூசுஃப் (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்டார்கள். காக்கும் பொறுப்பும் அறிவும் தமக்கு உண்டு என்பதையும் வெளிப்படையாகவே சொன்னார்கள். வரவிருந்த பஞ்சத்தில் மக்களைக் காக்க அந்தச் சொல் தேவைப்பட்டது.

மற்றொன்று மூஸா (அலை) அவர்களின் வரலாறு. மத்யன் நகரத்துக் கிணற்றடியில், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்காக அவர்கள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். பின்னர் அப்பெண்களுள் ஒருவர், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று தம் தந்தையிடம் கூறியபோது முன்வைத்த தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். மூஸா நபியிடம் அன்று எந்தச் சான்றிதழும் இல்லை. ஊருக்கே அவர்கள் புதியவர். செய்த வேலையைக் கண்ணால் கண்டதே அப்பெண்ணின் சொல்லுக்கு ஆதாரம். பணித் தொகுப்பு செய்வதும் அதையேதான்.

எந்தப் படிப்புக்கு எதை வைப்பது?

'கணினி படித்தவனுக்கு இது சரி, பி.காம். படித்தவன் எதைக் காட்டுவான்?' என்று கேட்பீர்கள். அவனிடம்தான் காட்டுவதற்கு மிகுதியாக உள்ளது! ஒரு கற்பனை மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளட்டும். மூன்று மாதக் கொள்முதல், விற்பனை, கடன் நிலுவை ஆகியவற்றை டாலியில் பதிந்து, இருப்பாய்வும் இறுதிக் கணக்கும் எடுத்து, வங்கிச் சரிகட்டும் பட்டியலும் தயாரிக்கட்டும். அக்கடைக்கு உரிய ஜி.எஸ்.டி. கணக்கைக் கணித்து, எந்தப் பொருளுக்கு எந்த விகிதம், ஏன் என்று ஒரு பக்கத்தில் விளக்கட்டும். இதைப் பார்க்கும் தணிக்கையாளர் அலுவலகத்துக்கு அவனுடைய மதிப்பெண் பட்டியலை இரண்டாம் முறை புரட்ட வேண்டிய தேவை இராது. மாமாவின் கடைக் கணக்கையே உண்மையில் எழுதிப் பழகியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் மாமாவின் இசைவைப் பெற்று, பெயர்களையும் தொகைகளையும் மாற்றிய பிறகே அதைத் தொகுப்பில் வைக்க வேண்டும். பிறர் கணக்கு நம்மிடம் அமானிதம்.

அரபுக் கல்லூரியில் ஓதி, உடன் ஒரு பட்டமும் பெற்ற ஆலிம்கள் இன்று நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களின் அரபு மொழித்திறன் மிம்பரோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒரு வணிகக் கடிதம், ஒரு வேலை ஒப்பந்தம், ஒரு மருத்துவக் குறிப்பு ஆகியவற்றைத் தாமே மாதிரியாக அமைத்து, அரபியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துக் காட்டட்டும். மொழிபெயர்ப்பாளரைத் தேடும் நிறுவனம் முதலில் கேட்பது இத்தகைய மாதிரியைத்தான். இலக்கியம் பயின்றவர் தாம் பிழை திருத்திய ஒரு கட்டுரையைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னுமாக வைக்கலாம். விலங்கியல், தாவரவியல் படித்தவர் தம் ஊர்க் கண்மாயில் ஆறு மாதம் கண்ட பறவைகளின் பதிவேட்டை, நாளும் நேரமும் குறித்து, வரைபடத்தோடு வைக்கலாம். ஊட்டச்சத்துப் படித்தவர் நோன்பு வைக்கும் நீரிழிவு நோயாளிக்கான சஹர், இஃப்தார் உணவுப் பட்டியலைத் தயாரித்து, மருத்துவரைக் கலந்தே பின்பற்ற வேண்டும் என்ற எச்சரிக்கையோடு வைக்கலாம். கணினி மாணவர் தம் நிரலைக் கிட்ஹப் தளத்தில் இடுவது வழக்கம். அங்கே பலரும் செய்யத் தவறுவது, அந்த நிரல் எதற்கு, எப்படி இயக்குவது என்று தெளிவாக அரைப்பக்கம் எழுதுவது.

தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் கல்லூரி மாணவர்கள் திறன் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பயிற்சிச் சான்றிதழைத் தொகுப்பில் சேர்ப்பதைவிட, பயிற்சியின்போது செய்த வேலையைச் சேர்ப்பதே மேல். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்த 2015இல் அரசு கொண்டுவந்த டிஜிலாக்கர் இருக்கிறது. தொகுப்பு அதற்கான இடமன்று.

ஐந்து நல்ல வேலைகள் போதும். ஐம்பதை அடுக்கினால் ஒன்றையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொன்றின் கீழும் பத்து வரிக்குள் குறிப்பு: என்ன தேவை இருந்தது, நான் செய்தது எது, உடன் செய்தவர் யார், எங்கே தடுமாறினேன், என்ன விளைந்தது. தடுமாறியதை ஏன் எழுதுவது என்று தோன்றலாம். அனுபவமுள்ள மேலாளர் ஆவலோடு படிப்பது அந்த வரியைத்தான். நேர்காணலில் கேள்வி பிறப்பதும் அங்கிருந்தே.

மகள்களைப் பற்றி

இனிச் சொல்லப்போவதை உம்மாமார் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். பட்டம் பெறும் நம் பெண்மக்களின் தொகை உயர்ந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நிக்காஹ் முடிந்து, குழந்தை பிறந்து, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒருத்தி வேலை தேட முற்படும்போது, 'இத்தனை ஆண்டு என்ன செய்தீர்கள்?' என்ற ஒரே கேள்வி அவளைத் தலைகுனியச் செய்துவிடுகிறது. வீட்டில் இருந்தபடியே ஆண்டுக்கு இரண்டு வேலைகளைச் செய்து தொகுப்பில் சேர்த்திருப்பாளானால், அந்தக் கேள்விக்கு அவளிடம் விடை இருக்கும். கணவர் வெளிநாட்டில் இருக்க, குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்ணுக்கும், எதிர்பாராமல் துணையை இழந்த பெண்ணுக்கும் இந்த விடையின் அருமை நன்கு தெரியும்.

'பெண் பிள்ளையின் படத்தை இணையத்தில் போடுவதா?' என்ற கவலை பல வீடுகளில் எழுகிறது. அக்கவலையை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் பணித் தொகுப்புக்கு முகப் படம் தேவையே இல்லை. காட்ட வேண்டியது வேலையை, ஆளை அன்று. ஆடை வடிவமைப்புப் படித்தவர் தாம் தைத்த உடையைப் பொம்மையின் மீதோ தாங்கியிலோ மாட்டிப் படம் எடுக்கலாம். பி.எட். முடித்தவர், கரும்பலகையும் எழுதும் கையும் மட்டும் தெரியும்படி, பத்து நிமிடப் பாடத்தைத் தம் குரலில் பதிவு செய்யலாம். முழுப் பெயருக்குப் பதில் முதற்பெயரும் தலைப்பெழுத்தும் இட்டால் போதும். முகவரியைத் தெரிந்தவர் மட்டுமே திறக்கும்படி வைத்து, விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பவும் வழி உண்டு.

ஈரத் தானியம்

ஒருமுறை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொல்ல, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவரைக் கடிந்துகொண்டார்கள். பிறர் செய்த திட்டப்பணியை விலைக்கு வாங்கித் தம் பெயரில் வைப்பதும், நால்வர் செய்ததை நான் ஒருவனே செய்தேன் என்பதும், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைச் சொந்தப் படைப்பாகக் காட்டுவதும் இந்த ஈரத் தானியமே. கருவியின் துணையைப் பெற்றால் பெற்றேன் என்று ஒரு வரி எழுதிவிடலாம், அதில் இழுக்கில்லை. ஹதீஸ் அறிவிப்பில் யார் யாரிடம் கேட்டார் என்ற தொடரை அத்தனை நுணுக்கமாகப் பேணிய சமுதாயம் நம்முடையது. உடன் உழைத்தவர் பெயரைச் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்? தவிரவும், உள்ளே கைவிட்டுப் பார்க்கும் நேர்காணல் ஒன்று காத்திருக்கிறது என்பதையும் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது.

இனிச் சில நடைமுறைச் செய்திகள். கூகுள் சைட்ஸ் போன்ற தளங்களில் பணம் கட்டாமலே தொகுப்பு அமைக்கலாம். அதுவும் இயலாதவர் எட்டுப் பத்துப் பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். கோப்பாகத் தயாரித்தால் போதும். பார்ப்பவர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் திறப்பார். கனத்த கோப்பு திறக்கும் முன்பே அவர் பொறுமை தீர்ந்துவிடும். கோப்பை இணையக் கிடங்கில் வைத்து முகவரியை அனுப்புவோர், பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது. ஆகவே அனுப்பும் முன் வாப்பாவின் கைப்பேசியிலோ நானாவின் கைப்பேசியிலோ ஒருமுறை திறந்து பாருங்கள். கல்லூரி தந்த மின்னஞ்சல் கணக்கு, படிப்பு முடிந்தபின் மூடப்படலாம். எனவே தொகுப்பைச் சொந்தக் கணக்கில் வையுங்கள். இணையத் தளங்களும் நிலையானவை அல்ல. ஒரு காலத்தில் இளைஞர் அனைவரும் குடியிருந்த ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு படியை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்பில் ஆதார் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, கடவுச்சீட்டின் படம் எதுவும் இடம்பெறலாகாது. தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் போதும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடி பகுதியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். தொகுப்பைப் பார்த்தேன், உடனே விமானம் ஏறுங்கள் என்று அழைப்பவரை நம்பிவிடாதீர்கள். அயல்நாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். வளைகுடா செல்வோருக்குச் சான்றிதழ் சான்றொப்பமும் வழக்கம்போல் தேவை; தொகுப்பு அதற்கு மாற்றாகாது.

எல்லா வேலைக்கும் இது உதவாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அரசுப் பணித் தேர்வுகளிலும் வங்கித் தேர்வுகளிலும் மதிப்பெண்ணே பேசும். அங்கே தொகுப்பை யாரும் கேட்பதில்லை. கணக்கு, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, கணினி, ஊடகம், தனியார் பள்ளிகள், சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஆகியவையே இதன் களம். இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்னும் இரு ஆய்வாளர்கள், தகுதியில் ஒத்த விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முஸ்லிம் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்திருந்ததை 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தச் சுவரைப் பணித் தொகுப்பு இடித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பெயரை மட்டும் பார்த்து ஒதுக்க நினைப்பவர் கண்முன் வேலையையும் வைக்கிறோம், அவ்வளவே.

இதைப் படிப்பு முடிந்தபின் தொடங்கினால் நாள் போதாது. இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கி, வாரம் ஒரு மணி நேரம், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் என்று வைத்துக்கொண்டாலும் சரி, ஒதுக்கினால் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தொகுப்பு நிறைந்துவிடும். செய்து பழக உண்மையான வேலை வேண்டுமே என்றால், அது நம் மஹல்லாவிலேயே இருக்கிறது. பல ஜமாஅத்துகளின் வரவு செலவு இன்னும் நீளக் கணக்குப் புத்தகத்தில் பென்சிலால் எழுதப்பட்டுவருகிறது. மதரஸா நூலகங்கள் பலவற்றில் நூற்பட்டியலே இல்லை. ஊர்ப் பெரியவர்களின் நினைவில் உள்ள கடல் பயணக் கதைகளையும் கடை நடத்திய கதைகளையும் எழுதி வைக்க ஆளில்லை. ரமளானில் பைத்துல்மால் கணக்கை முடிக்க நிர்வாகிகள் இரவெல்லாம் விழித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவ்வாண்டு ஷஃபான் பிறந்ததும், உங்கள் வீட்டு பி.காம். மாணவனை அல்லது மாணவியை அழைத்துக்கொண்டு நிர்வாகிகளிடம் சென்று, அக்கணக்கைக் கணினியில் ஏற்றித் தர அனுமதி கேளுங்கள். உதவி பெறுவோரின் பெயர்கள் வெளியே வராது என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.